மையில் எழுதிய முதலிடம்

படம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, சவரிராயனுக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் வேறொன்றுமில்லை. படம் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கும் என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்திருந்தால்கூட அவன் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருப்பானா? திருச்சி தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் சனிக்கிழமை சனிக்கிழமை படம் போடுகிற திரைப்படச் சங்கம், முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, அதன் ஓட்டை வழியாகத் திரைமேல் விழுகிற ஒரு துண்டு வெயில். துண்டுச் சீட்டில், தராசு பழுதுபார்ப்பவன் ஒருவனின் பயணம், கறுப்பு வெள்ளை, இரண்டு மணி பத்து நிமிடம், வசனம் மிகவும் குறைவு என்று போட்டிருந்தார்கள். இதைவிட மோசமாக ஒரு படத்தை யாரால் சிபாரிசு செய்ய முடியும்? அதை நம்பித்தான் வந்தான் மனுஷன். இரண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில் அவன் பெண்டாட்டி லூர்துவுக்குக் கழுத்துக் கட்டியை எடுக்கப்போகிறார்கள். ஒன்பது மணி என்றார்கள், பிறகு பத்து என்றார்கள், கடைசியில் பதினொன்று என்றார்கள். அவன் வராந்தாவில் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். நடந்தால்கூடப் பரவாயில்லை, ஊசி போடுவதில் எந்த நர்ஸ் முதலிடம், எவள் கடைசி என்று வரிசை போட்டு அதைப் பக்கத்துக் கட்டில்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சை அங்கியும் வளையல் கழற்றிய கையுமாக உட்கார்ந்திருந்த லூர்துதான், பெலிக்ஸ் இருக்கான், நீங்க எங்கியாவது படத்துக்குப் போயிட்டு வாங்க, இல்லைன்னா எனக்கு மயக்க ஊசியே வேலை செய்யாது என்றாள். பெலிக்ஸ் அவள் தம்பி, பொறுமைசாலி, ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். விளையாட்டாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு எழுந்து வந்தவன் இவன்தான். சட்டைப்பையில் கைபேசி அதிர்வில் இருக்கிறது, மணி பதினொன்று ஐந்து. இந்நேரம் அவளை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள்.

வரிசை போடுவது அவனுக்குப் பதினேழு வயதில் பிடித்த வியாதி. மின்வாரியத்து டைரி ஒன்று, அட்டை பிய்ந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருப்பான், அதில் நூறு படம். தொண்ணூற்றொன்பது பென்சிலில், முதலிடம் மட்டும் மையில். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் நூறாவது வெளியே விழ வேண்டும், அதற்கு ஒரு கோடு, இடையில் உள்ளதையெல்லாம் அழித்து அழித்து எழுதி டைரித் தாள் துணி மாதிரி ஆகிவிட்டது. படத்தோடு நின்றானா? டீக்கடைக்கு ஒரு பத்து, பங்குச் சாமியார்களின் பிரசங்கத்துக்கு ஒரு ஐந்து, உறவில் பெண் பார்த்த காலத்தில் அதற்கும் ஒரு வரிசை. அதில் நீ மூணாவது என்று லூர்துவிடமே நிச்சயதார்த்தத்தன்று சொல்லித் தொலைத்தான். முதல் இரண்டு பேர் யாரென்று அவள் இன்றுவரை கேட்கவில்லை, அவள் அப்படித்தான். படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே, செருப்பைக் கழற்றும் முன்னால், அறுபத்தி ரெண்டு என்பான், எழுபது என்பான், இல்லை, உள்ளேயே வராது என்பான். அடுப்படியில் நிற்கிறவள் திரும்பாமல், சரி என்பாள். முப்பது வருஷமாக இதுதான் அவர்கள் வீட்டுப் பேச்சு. அவளுக்குச் சினிமா பிடிக்காது, ஆனால் நம்பர் சொல்லாமல் உள்ளே வந்தால் கோபம் வரும். சரி, அந்த மை. மையில் எழுதிய முதலிடத்தை அவன் மூன்று தடவைதான் மாற்றியிருக்கிறான். முதல் தடவை, கூட்ஸ் ரயில் கார்டு ஒருவனைப் பற்றிய படம், சாயங்காலக் காட்சி பார்த்துவிட்டு வந்து அப்பாவின் மைப்பேனாவை வாங்கி எழுதினான். மறுநாள் காலை பொன்மலைக்கு வேலைக்குக் கிளம்பின அப்பா, வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர், வேட்டியோடு சரிந்தார். பேனா அவர் சட்டைப்பையில் இருந்தது. இரண்டாம் தடவை, அவனுக்குப் படம் பார்க்கவே சொல்லிக்கொடுத்த கபிரியேல், உயிர்ச் சினேகிதன், கல்லணை ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தான், எழுதின மூன்றாம் நாள். அப்போதுதான் முதன்முதலாக டைரியைப் பார்த்துப் பயம் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

திரையில் அந்தத் தராசுக்காரன் குதிரைவண்டியில் போய்க்கொண்டிருந்தான். என்ன நாடோ, பனி கொட்டுகிற ஊர், பெயர் வாயில் நுழையவில்லை. ஊர் ஊராகப் போய்க் கடைத்தராசுகளைச் சரிபார்க்கிற வேலை. அவன் பெண்டாட்டியும் வண்டியில் கூட வருகிறாள், கருப்புச் சால்வை, பேசுவதே இல்லை. வேலையெல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு ஊரிலும் அவன் மூட்டை நிறுக்கிற பெரிய தராசில் அவளை ஏற்றி நிறுத்துவான். அது அவர்களுக்குள் ஒரு விளையாட்டு. அவள் தட்டில் நிற்பாள், அவன் தன் பெட்டியிலிருந்து எடைக்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பான், முள் நடுவில் வந்ததும் அவள் லேசாகச் சிரிப்பாள். முதல் ஊரில் ஆறு கல். அடுத்த ஊரில் ஆறு வைத்தான், முள் வரவில்லை, சின்னக் கல் ஒன்றை எடுத்தான், வந்தது. மூன்றாம் ஊரில் இன்னொன்றை எடுத்தான். எடுத்த கல்லைக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டான், அது உள்ளே இன்னொரு கல்லோடு இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அடப்பாவி. சவரிராயன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். லூர்து தையல்கடைக்குப் போய் ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தது எப்போது? ஈஸ்டருக்கு முன்னால். மறுபடியும் பிடிக்கக் கொடுத்தது? மாதா திருவிழாவுக்கு. நல்லதுதானே, இளைச்சா அழகாத்தானே இருக்கே என்று சொன்னவன் யார்? இவன்தான். அவள் கழுத்தை அவன் பார்க்கவே இல்லை, தலைவாரும்போது கண்ணாடியில் அவளே பார்த்து, அவளே டாக்டரிடம் போய், வந்து சொன்னாள். அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தான்? டைரியில் எண்பத்தெட்டுக்கும் எண்பத்தொன்பதுக்கும் இடமாற்றம் செய்துகொண்டிருந்தான். தராசுக்காரன் மட்டும் என்ன ஒழுங்கு, முள்ளைப் பார்க்கிறானே தவிர அவள் முகத்தைப் பார்க்கிறானா? சட்டைப்பை அதிர்ந்தது. உடம்பே ஒருமுறை தூக்கிப்போட்டது. எடுத்துப் பார்த்தால் எவனோ திண்டுக்கல் ரோட்டில் மனை விற்கிறானாம். அவனுக்கு நல்ல சாவே வராது என்று வாய்க்குள் திட்டி, திட்டின உடனே சாவு என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

குப்பைப் படத்துக்குத்தான் வந்திருக்க வேண்டும். அதுதானே அவன் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி. வீட்டில் ஏதாவது ஒரு பெரிய விஷயம் நடக்கிற அன்றைக்கு, இருக்கிறதிலேயே மட்டமான படத்தைத் தேடிப் போய், முழுசாக உட்கார்ந்து பார்த்து, இது நூறில் இல்லை, ஆயிரத்தில்கூட இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால் நல்லபடியாக முடியும். லூர்துவுக்கு டெங்கு வந்து ரத்த அணு இறங்கிக்கொண்டே போனபோது, பாம்பு பழிவாங்குகிற டப்பிங் படம் ஒன்றை ஒரே வாரத்தில் மூன்று தடவை பார்த்தான். மூன்றாம் தடவை பார்த்த அன்று அணு ஏறியது. இதெல்லாம் படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்கலாம், ஆனால் ஏறியதா இல்லையா? பதினாறு வருஷமாக அவன் நல்ல படம் என்று கேள்விப்பட்டாலே கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொள்கிறான். சங்கத்தில் எல்லாரும், என்ன சார், அந்தப் படத்தைப் பார்க்கலையா, நீங்களா பார்க்கலை என்று வியந்துபோவார்கள். சளி என்பான், ஊருக்குப் போயிருந்தேன் என்பான். பதினாறு வருஷமாக டைரியில் ஒரே படம் முதலிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. மணியடிக்கிற பள்ளிக்கூடச் சேவகன் ஒருவனைப் பற்றிய படம் அது, அதை நினைத்தாலே அவனுக்குக் குமட்டும், ஆனால் எழுப்பி அனுப்பத் தைரியம் இல்லை. அதைப் பார்த்த அன்று மகன் ராபினுக்குக் காய்ச்சல். ஆறு வயது. சாதாரணக் காய்ச்சல்தான், காலையில் ரஸ்க் தின்றான், அப்பா எனக்கும் ஒரு லிஸ்ட் போட்டுத் தா என்றான், நூறு வேண்டாம், மூணு போதும். வந்து போட்டுத் தருகிறேன் என்று கிளம்பிப் போய்விட்டான், திரைப்பட விழாவில் ஒரே ஒரு காட்சிதான் அந்தப் படம், பகல் பதினொரு மணிக்கு, விட்டால் கிடைக்காது. கிடைத்தது. பாதிப் படத்திலேயே இதுதான் முதலிடம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்த மாத்திரத்தில் அப்பாவும் கபிரியேலும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, வாயில் வந்த வேறு ஏதோ நம்பரைச் சொன்னான். யாரை ஏமாற்ற? எதையோ. லூர்து அடுப்படியிலிருந்து சரி என்றாள். நாலு மணிக்குப் பிள்ளைக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் லூர்து மடியில் தலை, இவன் மடியில் கால். கால் சூடாக இருந்தது, ஆஸ்பத்திரி வாசலிலும் சூடாகத்தான் இருந்தது. அந்த நம்பர் என்ன? வாசலில் சொன்னது எந்த நம்பர்? முப்பதா, ஐம்பத்திரண்டா? பதினாறு வருஷமாக இந்த ஓர் இடத்தில் மட்டும் புத்தி தடுக்கி நிற்கிறது. நூறு படத்தையும் தலைகீழாகச் சொல்வான், அந்த ஒரு நம்பர் வராது. பெரிய நம்பராகச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பானோ பிள்ளை? நூற்றுக்கு வெளியே என்று சொல்லியிருந்தால்? ஆசையை அடக்க முடியாமல் கொஞ்சம் நல்ல நம்பராகச் சொல்லிவிட்டோமோ? அடக்கம் முடிந்த மறுநாள் மைப்பேனாவை எடுத்து, அந்தப் படத்தின் பெயரை முதலிடத்தில் எழுதினான். ஏன் எழுதினான் என்று அவனுக்கே தெரியாது.

இரு. இரு. அங்கேதான் ஏதோ இருக்கிறது. ராபின் விஷயத்தில் எழுதினது பிறகுதானே? போனது முதலில், எழுதினது பிறகு. அப்படியென்றால் கபிரியேல்? எழுதின மூன்றாம் நாள் அவன் போனானா, அவன் போன மூன்றாம் நாள் எழுதினோமா? அப்பா? அப்பாவின் பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினோமா, மாட்டியிருந்த சட்டைப்பையிலிருந்து எடுத்தோமா? அந்தச் சட்டையில் அப்பா இருந்தாரா? எழுதுவதால் யாரும் போவதில்லை, யாரோ போகிற வேளையில் பார்க்கிற படம்தான் முதலிடத்துக்கு ஏறுகிறது என்றால், இப்போது இந்தப் படம் ஏறிக்கொண்டிருப்பதற்கு என்ன அர்த்தம்? வேண்டாம். ஏறவில்லை. எங்கே ஏறுகிறது? குறை கண்டுபிடி. குறை இல்லாத படம் உலகத்தில் உண்டா? குதிரை இரண்டாம் ஊரில் வெள்ளைக் காலோடு இருந்தது, இப்போது நாலு காலும் கருப்பு, அதற்குப் பத்து இடம் இறக்கு. இசை அதிகம், பத்து இறக்கு. இசையே இல்லையே? இல்லாததற்குப் பத்து. பனி நிஜப் பனி இல்லை, உப்பு. அந்தப் பெண்ணுக்கு நடிக்கத் தெரியவில்லை, சும்மா நிற்கிறாள். சும்மாதான் நிற்கிறாள், ஸ்டவ்வைப் பார்த்தபடி லூர்து நிற்பாளே, அந்த மாதிரி, முதுகு மட்டும் தெரிகிற மாதிரி, முதுகிலேயே எல்லாம் தெரிகிற மாதிரி. அறுபது என்று வைத்தான், படம் நாற்பதில் போய் நின்றது. நாற்பதில் பிடித்தான், கை நழுவிப் பதினைந்துக்குப் போயிற்று. மனசை அடக்கத் தெரியாதவனுக்கு எதற்கு டைரி, எதற்குப் பென்சில்? எழுந்து போய்விடலாம். எழுந்து போனால் முழுசாகப் பார்க்காத படம், முழுசாகப் பார்க்காத படத்துக்கு இடம் கிடையாது, அது அவன் போட்ட சட்டம்தானே, பதினேழு வயதில் போட்டது, இதுவரை மீறியதில்லை. எழப்போனவன் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கடைசி ஊர் வந்திருந்தது. தராசுக்காரன் அவளைத் தட்டில் ஏற்றினான், கல் ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் காத்திருந்தாள். அப்போது சட்டைப்பை அதிர்ந்தது. விட்டு விட்டு, நீளமாக, இது மனை விற்கிறவன் இல்லை. எடு, எடுடா மடையா. அவள் தட்டிலிருந்து இறங்கி, அவன் கோட்டுப்பையில் கைவிட்டு, அவன் ஊர் ஊராக ஒளித்து வைத்திருந்த சின்னக் கற்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றாகத் தன் சால்வையில் முடிந்துகொண்டு, மறுபடி தட்டில் ஏறினாள். இப்போ வை என்று தலையை ஆட்டினாள். அவன் அந்தக் கடையிலிருந்த கல்லில் ஆறை எடுத்து வைத்தான். முள் நடுவில் நின்றது. அவள் சிரித்தாள். சட்டைப்பை இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. சவரிராயன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த முகத்தைப் பார்த்தான், முழுசாகப் பார்த்தான், விளக்கைப் போடுகிற வரைக்கும் பார்த்தான்.

படி இறங்கினதும் தெரு கடந்ததும் அவனுக்கு ஞாபகம் இல்லை. வழியில் பெலிக்ஸைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் சொல்லிவிடுவான் என்ற பயம்தான். ஆஸ்பத்திரி வாசலில் பெலிக்ஸே நின்றான், எங்க மச்சான் போனீங்க, நாலு தடவை அடிச்சேன் என்றான். அக்காவுக்கு ஒன்றுமில்லை, நல்லபடியாக வெளியே வந்துவிட்டாள், இன்னும் அரைமயக்கம். கட்டியை ஒரு பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்து, லேப்பில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்களாம். நினைத்ததைவிடப் பெரிசாம். மச்சான் ஒரு தடவை பார்த்துவிட்டால் கொண்டுபோகலாமே என்றுதான் அடித்தானாம், எடுக்காததால் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். ரிசல்ட் வியாழக்கிழமை சாயங்காலம். வியாழக்கிழமை என்று சொல்லும்போது அவன் இவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் உள்ளே விட்டார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு, பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய், உதடு வறண்டு வெடித்திருந்தது. தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். போன உடனே லூர்து கண்ணைத் திறந்தாள். அவன் செருப்பைப் பார்த்தாள், அறைக்குள்ளும் கழற்றாமல் வந்திருந்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனாவது?" என்றாள். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

"நாப்பத்தி மூணு" என்றான். எங்கிருந்து வந்ததோ அந்த நம்பர், யோசிக்காமல் வாயில் வந்து நின்றது.

எச்சில் விழுங்க லூர்துவுக்கு வலித்தது, விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"ராபின் போன அன்னைக்கும் வாசல்ல நின்னு நாப்பத்தி மூணுன்னுதான் சொன்னீங்க."

பதினாறு வருஷமாகத் தேடின நம்பர். அது இவ்வளவு காலமும் அடுப்படியில்தான் இருந்திருக்கிறது. அவள் எதையும் கேட்டதில்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அவள் ஒவ்வொன்றையும் காதில் வாங்கி வைத்திருந்தாள், எது பொய் என்பதையும் சேர்த்து. தெரிந்துதான் அன்றைக்கும் சரி என்றாளா, இல்லை, பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தபிறகு, டைரியில் மை காய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டாளா? போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். கனமே இல்லை. வளையல் போட்டிருந்த இடத்தில் கோடு மட்டும் இருந்தது. வியாழக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். இந்தத் தடவை பொய் சொன்னாலும் அதே வியாழக்கிழமைதான், நிஜம் சொன்னாலும் அதே வியாழக்கிழமைதான். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது, அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சரியாச் சொல்லுங்க" என்றாள்.

சவரிராயன் குனிந்து செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். பிறகு அவள் காதுக்குப் பக்கத்தில் போய், "ஒண்ணு" என்றான்.

லூர்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுப்படியில் நின்று சொல்வது மாதிரியே, திரும்பாமல், "சரி" என்றாள்.